க்ளிக் கேட்காத வளைவு

5

வண்டி நின்றது.

யாரும் நிறுத்தவில்லை. நோலீனின் கால் அந்தக் கோல்ஃப் வண்டியின் வேக மிதியின் மேலேயே இருந்தது. எழுபத்தொன்பது வயதான அந்தப் பெண்மணி மெல்லத் திரும்பி, பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். வளைவுக்குக் கீழே கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மேட்டு மரங்களுக்குள் எங்கோ ஒரு கர்லூ பறவை, பட்டப்பகலில், பெண் அழுவதுபோல நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

"பாத்தியா?" என்றார் நோலீன், வண்டியோடு கூடவே நடந்து வந்த ஐல்சாவிடம். "இதே இடம். இங்கதான் மெர்வ் போனார்."

ஐல்சா பென்ரோஸ் பதில் சொல்லவில்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று இருபத்திரண்டு வருடம் துப்பறிந்தவள் அவள். பேசாமல் நின்றால் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதை அந்த வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஓய்வெடுக்கப் பென்னிகன் தீவுக்கு வந்த பிறகும் வழக்குகள் அவளை விடவில்லை. மௌனமும் விடவில்லை.

நோலீன் மீதியைச் சொன்னார்.

"அன்னிக்கு மொதல்ல வண்டி நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு கேக்கலாம்னு அவர் பக்கம் திரும்பினேன். அவர் சீட்லேந்து முன்னால சரிஞ்சு, முட்டி தரையில குத்தியிருந்துது. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இந்த வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு, கண்ணு."

கணவர் மெர்வ் இறந்த அந்த நாள் மார்ச் ஒன்பதாம் தேதி. இப்போது ஜூலை, அங்கே குளிர்காலம். இடையில் மூன்று முறை, நோலீன் தனியாக வரும்போதெல்லாம், வண்டி இதே வளைவில் நின்றிருக்கிறது. மூன்றாவது முறை மழையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் வந்து மிதியை அழுத்தியதும் வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. அந்த மெக்கானிக், பிரிஸ்பேனில் இருக்கும் நோலீனின் மகன் க்ரெய்கிடம் ஃபோனில் தான் பார்த்ததைச் சொன்னான்: வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

அப்படியானால் கோளாறு அம்மாவிடம் என்று க்ரெய்க் முடிவு செய்துகொண்டான். இன்று மூன்று மணிப் படகில் அவன் வருகிறான். முதியவர்கள் தனியாக வாழத் தகுதியானவர்களா என்று பரிசோதித்துச் சொல்லும் ஓர் அதிகாரியையும் கூட்டி வருகிறான். நான்கு மணிக்கு நோலீனின் சமையலறை மேசையில் உட்காரப்போகும் அந்தப் பெண் ஒரு வரி எழுதினால் போதும். நோலீன் அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பார். அவருடைய தீவு வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கும்.

காலையில் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு ஐல்சாவின் வாசலுக்கு வந்த நோலீன், தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. "அது மெர்வா, இல்ல என் மூளையா? அதை மட்டும் கண்டுபிடிச்சு சொல்லு. மெர்வ்னா நான் எங்கயும் போக மாட்டேன். மூளைன்னா இன்னிக்கே பெட்டி கட்டிடறேன்" என்றுதான் கேட்டார்.

இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

பின்னால் இன்னொரு வண்டி முனகிக்கொண்டு மேடேறி வந்து நின்றது. அதிலிருந்து கருவிப் பெட்டியோடு இறங்கினான் டூலி. தீவின் ஒரே கோல்ஃப் வண்டி மெக்கானிக். மற்ற நேரங்களில் ஐல்சாவின் உதவியாளன். எடை நூற்றிருபது கிலோ. அதில் பத்து கிலோ நாக்கு என்பது ஐல்சாவின் கணக்கு. மூன்று முறையும் வந்து வண்டியைக் கிளப்பியவன், க்ரெய்கிடம் அப்படிச் சொன்னவன், அவனேதான்.

"நாலாவது தடவை," என்றான் டூலி. "இந்த வளைவுல நான் வாடகைக்குக் குடியே வந்துடலாம். தள்ளுங்க நோலீன், ஏறிப் பாக்கறேன்."

"ஏறாத," என்றாள் ஐல்சா.

அவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"மூணு தடவையும் வந்து என்ன பண்ணினே?"

"ஏறினேன், உக்காந்தேன், மிதிச்சேன், போச்சு. டாக்டரைப் பாத்ததும் பல்வலி நின்னுடும் இல்ல, அந்த மாதிரி பாஸ். சார்ஜ் முள்ளைப் பாருங்க, முழுசா இருக்கு. ஆறு பேட்டரியும் ராஜா மாதிரி இருக்கும். சீட்டைத் தூக்கிப் பாக்கவே வேண்டாம்."

ஐல்சா நோலீனை மறுபடி மிதிக்கச் சொன்னாள். நோலீன் மிதித்தார். மூவரும் காது கொடுத்தார்கள். காற்று, கீழே அலை, வேறொன்றும் இல்லை. ஐல்சா அந்த ஒன்றுமில்லாததையே வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். டூலிக்கு இந்த மௌனங்கள் பழக்கம்தான். ஆனாலும் இந்த இடத்தில் அவன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"டூலி, மிதியை அழுத்தினா மொதல்ல என்ன கேக்கணும்?"

"க்ளிக். சீட்டுக்கு அடில சொலினாய்டுனு ஒரு ஸ்விட்ச் இருக்கு. அது க்ளிக்குனு மூடினாத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது. "க்ளிக்கே வரலையே."

மெல்லிய குரலில், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல, அவன் மற்றதை விளக்கினான். பேட்டரி இறங்கியிருந்தால் க்ளிக் வரும், வண்டி போகாது. மோட்டார் கெட்டிருந்தாலும் க்ளிக் வரும். க்ளிக்கே வரவில்லை என்றால் கோளாறு பெரிய கேபிள்களில் இல்லை. சாவியிலிருந்து மிதி வழியாகச் சொலினாய்டுக்குப் போகும் பென்சில் முனை தடிமனுள்ள ஒயரில் எங்கேயோ. அது தெரிய வேண்டுமானால் வண்டி நின்றிருக்கும்போதே காது கொடுத்திருக்க வேண்டும். அவன் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு முறையும் க்ளிக் வந்துவிட்டது.

ஐல்சா நோலீனிடம் கேட்டாள், நிற்கிறபோது ஏதாவது சத்தம் வருமா என்று.

"வராது," என்றார் நோலீன். "ஒண்ணுமே கேக்காது. மெர்வுக்கு கோவம் வந்தா அப்படித்தான். கத்த மாட்டார். பேச்சை நிறுத்திடுவார்."

ஐல்சா வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். மெர்வ் உட்காரும் இடத்தின் முன் நின்றாள். வெள்ளை உறையில் ஒரு மனித அளவுக்குப் பள்ளம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பள்ளத்தில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள்.

"இப்ப மிதிங்க."

க்ளிக்.

வண்டி ஓரடி துள்ளியது. ஐல்சா கையை எடுத்தாள். வண்டி நின்றது. மறுபடி ஊன்றினாள். க்ளிக்.

நோலீன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

இருக்கையைத் தூக்கியபோது டூலிக்குக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆனது. சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய நீல ஒயரின் முனை, பச்சை பூத்து, பிடிப்பு விட்டிருந்தது. இருக்கைப் பலகையின் அடிப்பக்கம் அதற்கு நேர் மேலே நாணயம் அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. மேலே பாரம் இருந்தால் பலகை அந்த முனையை அழுத்திப் பிடிக்கும். சமதரையில் பாரம் இல்லாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வளைவில் சாலை ஒருபக்கமாகச் சாய்கிறது; வாய்க்கால் மேட்டில் வண்டி ஒரு குலுங்கு குலுங்குகிறது. நாற்பத்து மூன்று கிலோ நோலீன் தனியாக வந்தால், முனை கழன்றுகொள்ளும்.

"நான் ஏறி உக்காந்தா பேயே ஓடிடும்," என்றான் டூலி. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. "பாஸ், மூணு தடவையும் குத்தவாளி மேல உக்காந்துக்கிட்டே குத்தவாளியைத் தேடியிருக்கேன். அப்புறம் அந்தப் பையனுக்கு ஃபோன் பண்ணி வண்டில ஒண்ணும் இல்லன்னு வேற சொல்லியிருக்கேன்."

மெர்வ் இருந்தவரை நோலீன் ஒருநாளும் தனியாக இந்த வண்டியை ஓட்டியதில்லை. அன்று அவர் இருக்கையிலிருந்து முன்னால் சரிந்தார்; பாரம் இறங்கியது; வண்டி நின்றது. ஐல்சா இதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

நோலீன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்லூ இன்னொரு முறை அழுதது.

"சரி. இது ஒயர்," என்றார் கடைசியில். "அப்ப அது?"

அவர் விரல், தூக்கி நிறுத்தியிருந்த இருக்கைப் பலகையின் அடிப்பக்கத்தைக் காட்டியது.

கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தேதிகள், வரிசை வரிசையாக. எட்டு வருடத் தேதிகள். மாதத்தின் முதல் ஞாயிறு, பேட்டரிகளுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிய நாள். மெர்வின் இந்த ஒழுங்கு தீவு முழுக்கப் பிரசித்தம். மற்றவர்களின் பேட்டரி ஐந்து வருடத்தில் செத்துப்போகும்போது தன்னுடையது எட்டு வருடம் ஓடுகிறது என்று கிளப்பில் அவர் சொல்லாத நாளில்லை.

வரிசையின் கடைசியில் மார்ச் முதல் தேதி இருந்தது. அதற்கு எட்டு நாள் கழித்து மெர்வ் இறந்துபோனார்.

அதற்குக் கீழே 5/4. அதற்குக் கீழே 3/5. அப்புறம் 7/6. அப்புறம் 5/7.

டூலி ஒவ்வொரு பேட்டரியின் மூடியையும் திறந்து பார்த்தான். தண்ணீர் சரியான அளவில் நின்றது. "யாரோ ஊத்தியிருக்காங்க," என்றான். தேதிகளை மறுபடி பார்த்தான். "பேய்க்குப் பெயிண்ட் பேனா எந்தக் கடைல தராங்க?"

 கையெழுத்து ஒன்றேதான். மேலே இருந்த ஏழும் கீழே இருந்த ஏழும் ஒரே மாதிரி. ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் குறுக்காக ஒரு சின்னக் கோடு. இறப்பதற்கு முன் எழுதிய கைதான் இறந்த பின்னும் எழுதியிருக்கிறது.

இதைத்தான் நோலீன் மகனிடம் ஃபோனில் சொல்லியிருந்தார். உங்க அப்பா வந்து தண்ணி ஊத்திட்டுப் போறார் என்று. 

ஒயரைக் காட்டி அதிகாரியை நம்பவைக்கலாம். இதைக் காட்டி என்ன செய்வது? உங்கள் அம்மாவே எழுதிவிட்டு மறந்துவிடுகிறார் என்பார்கள். ஐல்சா நோலீனின் கைகளைப் பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. நோலீன் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டார்.

"காலைல இவ்வளவு நடுங்காது," என்றார். "நானே எழுதியிருப்பேனோன்னு எனக்கும் தோணியிருக்கு, ஐல்சா. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

 பொய்யான ஆறுதல் ஐல்சாவுக்கு வராது. ஓட்டுபவர் முன்னால் இருந்த தட்டில் பழைய துண்டு, ஒரு கையுறை, பந்தை நிறுத்தும் மரக் குச்சிகள், மடித்த அட்டை ஒன்று கிடந்தன. அவள் அட்டையைப் பிரித்தாள். கோல்ஃப் மதிப்பெண் அட்டை. மெர்வின் பெயர், மெர்வின் கையெழுத்து, போன வருடக் கிறிஸ்துமஸ் ஆட்டம்.

டூலி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான். "ஏழு, எட்டு, ஏழு, ஏழு... பாவம், ஒரு குழிக்கு இத்தனை அடி. பந்தைத் தேடவே பாதி நேரம் போயிருக்கும்."

"நோலீன், இது அவர் எழுதினதா?"

"வேற யாரு எழுதுவா? என் எதிர்லதான் எழுதினார்."

ஐல்சா அட்டையைப் பலகையின் பக்கத்தில் பிடித்தாள். அட்டையில் ஐந்து ஏழுகள். ஐந்தும் மொட்டை. இடுப்பில் கோடு இல்லை.

டூலிக்கு முதலில் புரிந்தது அரைவாசிதான். யாரோ மெர்வ் மாதிரி எழுதிப் பார்த்து, சரியாக வராமல் போய்விட்டது என்று நினைத்தான். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"கடைசி நாலு மட்டும் இல்ல, டூலி. எட்டு வருஷமா இதுல ஒண்ணுகூட மெர்வ் எழுதினது இல்ல."

அந்தக் குளிர்ந்த மதியத்தில் அது பேயை விட மோசமாக இருந்தது. எட்டு வருடம், மாதம் தவறாமல், யாரோ ஒருவர் அவர்கள் வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் வந்து போயிருக்கிறார். மெர்வ் அது தன் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். மனைவிக்கும் அப்படியே.

 டூலி ஒயருக்குப் புது முனை வைத்து இறுக்கிக் கொடுத்ததும், இனி வண்டி அங்கே நிற்கவே நிற்காதா என்று மட்டும் கேட்டார் நோலீன். நிற்காது என்றான் டூலி, கொஞ்சம் பெருமையாக. அவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

*

அந்தக் கோடு போட்ட ஏழு எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று ஐல்சாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. டூலியின் வண்டி கோல்ஃப் கிளப்பைத் தாண்டும்போது அவள் அவன் கையைத் தொட்டாள்.

வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நீளக் கொட்டகையில் ஆள் யாரும் இல்லை. முப்பது இடங்கள். முப்பது சார்ஜர்களின் ரீங்காரம், ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் முணுமுணுப்பதுபோல. ஒவ்வோர் இடத்துக்கும் மேலே, வெளிறிய வெள்ளைப் பெயிண்டில் கையால் எழுதிய எண். அவள் ஏழின் முன் நின்றாள். பிறகு பதினேழு. பிறகு இருபத்தேழு. மூன்றிலும் இடுப்பில் கோடு.

"இதை எழுதினது யாரு?"

டூலி வழக்கமாக இரண்டு நகைச்சுவை சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். இப்போது ஒன்றுகூடச் சொல்லவில்லை. "யூப்," என்றான். "ஆனா அது நடக்காது பாஸ்."

யூப் வெர்ஹோவன் முப்பது வருடம் இந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். இருபது வயதில் ஹாலந்திலிருந்து வந்தவர். ஏழுக்கு இடுப்புக்கோடு அங்கே பள்ளியில் படித்தது. அந்த வண்டியையே மெர்வுக்கு விற்றவர் அவர்தான். இருவரும் அடுத்தடுத்த வீடு, ஒரே வேலி. பதினோரு வருடத்துக்கு முன்னால் கிளப் இறுதி ஆட்டத்தில், பதினான்காம் குழியில், மெர்வ் ஏழு தடவை அடித்துவிட்டு, ஜெயிப்பதற்காக ஒன்று குறைத்து அட்டையில் ஆறு என்று எழுதிக்கொண்டார் என்று யூப் எல்லோர் முன்னாலும் சொன்னார். இல்லை என்றார் மெர்வ். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. வேலியின் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி புல் வெட்டுவார்கள். சாவுக்குக்கூட யூப் வரவில்லை.

"உண்மைல மெர்வ் எத்தனை அடிச்சார்?" என்று கேட்டாள் ஐல்சா.

"ஏழுதான்," என்றான் டூலி. "ஊருக்கே தெரியும்."

*

யூப் தன் கொல்லையில் மீன்வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐல்சா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். மதிப்பெண் அட்டையை அவர் முழங்காலின் மேல் வைத்தாள். பிறகு பேசாமல் இருந்தாள்.

வெகுநேரம் போயிற்று. டூலி அதற்குள் இரண்டு முறை இருமினான். மணி இரண்டு ஐம்பது.

"பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் யூப்.

ஐல்சா காத்திருந்தாள்.

"எட்டரை வருஷம் முன்னாடி புதுசா ஆறு பேட்டரி வாங்கினான். வாங்கினவன் தண்ணி ஊத்தணுமா வேண்டாமா? ஆறே மாசத்துல வேலி தாண்டி அழுகின முட்டை நாத்தம் வந்துச்சு. தகடு காயுது. எனக்கு அதை மோந்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போனப்போ போயி ஊத்திட்டு, தேதி போட்டுட்டு வந்தேன். அவன் மேல இருந்த அக்கறையில்ல. பேட்டரி மேல."

"மெர்வுக்குத் தெரியுமா?"

யூப் முடிச்சை இறுக்கினார். "அடுத்த மாசம் போறேன், கொட்டகை வாசல்ல ஒரு பாட்டில். காய்ச்சி வடிச்ச தண்ணி. புதுசு, மூடி திறக்காதது. அதுலேந்து மாசாமாசம் ஒரு பாட்டில் இருக்கும்."

"பேசல?"

"எதுக்கு? அவன் மன்னிப்பு கேட்டான்னு நான் எடுத்துக்கிட்டேன். நான் மன்னிச்சுட்டேன்னு அவன் எடுத்துக்கிட்டான். பேசியிருந்தா மறுபடியும் அந்தப் பதினாலாம் குழிக்குத்தான் போயிருப்போம்."

 ஐல்சா அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கு முடிந்தது. பாதி தூரம் போனவள் ஒன்றுக்காக நின்றாள். சும்மா, கணக்கு நேராக இருக்கட்டும் என்பதற்காகத்தான் கேட்டாள். மார்ச்சுக்குப் பிறகு தண்ணீர் நீங்களே வாங்கினீர்களா என்று.

"நான் ஏன் வாங்கணும்?" என்றார் யூப். "பாட்டில் வழக்கம்போல வாசல்லதானே இருந்துச்சு."

வலை அவர் கையில் நின்றது. ஐல்சாவின் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏப்ரல்லயா?" என்றாள் அவள்.

"ஏப்ரல், மே, ஜூன், இந்த மாசம். அவன் வெக்கற அதே இடத்துல. நோலீன் வெக்கறான்னு நினைச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அவ வெக்கலையா?"

காலையிலிருந்து நோலீன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டு மறந்திருந்தால் க்ரெய்க் சொல்வதுதான் சரி. வைக்கவே இல்லை என்றால்... ஐல்சா அந்த யோசனையை முடிக்கவில்லை. துறையிலிருந்து படகின் ஊதல் கேட்டது.

*

நோலீன் சமையலறையில் மேசை விரிப்பை நேராக்கிக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பக்கத்தில், கதவோரம், ஒரு பெட்டி. பூட்டாமல், தயாராக.

ஐல்சா சுற்றி வளைக்கவில்லை. கொட்டகை வாசலில் தண்ணீர் பாட்டிலை யார் வைப்பது என்று கேட்டாள். டூலி கதவருகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாட்டிலா? நான்தான்," என்றார் நோலீன், இதையெல்லாம் யாராவது கேட்பார்களா என்பதுபோல. "மொத ஞாயித்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வெப்பேன். மெர்வ் இருந்தப்போ அவர் வெப்பார். ராத்திரி வெளில இருந்தாத்தான் தண்ணி தெளியும்னு சொல்வார். நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லத் தெரியாது அவருக்கு, நானும் கிண்டிக் கேக்க மாட்டேன். அவர் போனப்பறம்..." விரிப்பின் மூலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வந்தா அவருக்குத் தண்ணி வேணுமே."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ கேக்கலையே, கண்ணு."

டூலி மூச்சை விட்டான்.

ஐல்சா உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டதை முழுவதும் சொன்னாள். அழுகின முட்டை நாற்றம், சர்ச்சுக்குப் போன ஞாயிறு, முதல் பாட்டில், பேசாமல் கழிந்த எட்டு வருடம்.   தேநீர்க் கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.

"மூளை இல்ல," என்றார் நோலீன்.

"இல்ல."

"மெர்வும் இல்ல."

 காலையில் இந்தப் பெண்மணி கேட்ட கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் இருந்தன. இரண்டையும் ஐல்சாவே பறித்துவிட்டாள்.

*

க்ரெய்க் கெட்டவன் இல்லை. களைத்துப்போன, தூங்காத முகம். தாயை அணைத்துக்கொண்டபோது அவன் பார்வை கதவோரப் பெட்டியில் பட்டு விலகியது. கூட வந்த அதிகாரியின் பெயர் ரோண்டா. டூலி ஒயரைப் பற்றி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். டூலி, தான் மூன்று முறை தவறாகச் சொன்னதையும் குறித்துக்கொள்ளச் சொன்னான். பிறகு ரோண்டா நோலீனிடம் இன்றைய தேதி, பிரதமர், மாத்திரை நேரம் எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"நோலீன், ராத்திரியோ பகலோ, உங்க வண்டியைப் பாத்துக்க யாராவது வர்றாங்களா?"

க்ரெய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

நோலீன் பதில் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரம் அசைந்துகொண்டிருந்தது. ரோண்டா பேனாவை மறுபடி எடுத்தார். இப்போது எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று டூலிக்குத் துடித்தது. ஐல்சா அவன் பக்கம் பார்க்காமலேயே தலையை லேசாக அசைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ மௌனங்களுக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எதையும் இப்படி எண்ணி எண்ணிக் கடந்ததில்லை.

வெளியே கேட்டின் தாழ் ஓசையிட்டது.

பதினோரு வருடமாக முன்வாசல் வழியாக வராத ஒரு மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் காலியான நான்கு தண்ணீர் பாட்டில்களோடு, படியேறி வந்து சமையலறைக் கதவில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஐல்சாகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நோலீன் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து, மெர்வ் வந்து போகிறார் என்ற நம்பிக்கை மெதுவாக எழுந்து, கதவைத் தாண்டி வெளியே போயிற்று. ஐல்சா அதைக் கண்டாள்.

"வர்றாங்க," என்றார் நோலீன். குரல் நடுங்கவில்லை. "பக்கத்து வீட்டு யூப். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை. எட்டு வருஷமா."

"யூபா?" என்றான் க்ரெய்க். "அப்பாதான் அவர்கூடப் பேசவே மாட்டாரே."

"பேசல," என்றார் யூப் கதவிலிருந்து.

ரோண்டா ஒரு வரி எழுதினார். அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடி, லாமிங்டன் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். க்ரெய்க் எழுந்து போய்க் கதவோரப் பெட்டியைத் தூக்கினான். படுக்கையறைக்குள் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான்.

*

ஐந்து மணிப் படகு இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. வெளிச்சம் தாழ்ந்து, மரங்கள் கடலின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஐல்சாவும் டூலியும் வளைவின் கல் சுவரில் உட்கார்ந்து மீன் வறுவலைக் காகிதத்தோடு பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"கப்பல், கொலை, வைரம்னு ஒரு கேஸ் வரட்டும் பாஸ்," என்றான் டூலி. "ரெண்டு கிழவனுங்க சண்டையையும் ஒரு நீல ஒயரையும் கண்டுபிடிச்சதை வெளில சொன்னா எவனும் காசு தரமாட்டான்."

ஐல்சா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து வெள்ளை வண்டி ஏறி வந்தது. நோலீன், தனியாக. வாய்க்கால் மேட்டில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. டூலி தாடையை நிமிர்த்தினான்.

வளைவின் நடுவில், அதே இடத்தில், வண்டி நின்றது.

டூலி எழுந்துவிட்டான். "நான் நல்லா இறுக்கினேன் பாஸ். சத்தியமா இறுக்கினேன்."

"தெரியும். உக்காரு."

மங்கிய வெளிச்சத்தில் நோலீனின் இரண்டு கால்களும் மிதியை விட்டு விலகி, அருகருகே இருப்பது தெரிந்தது. அவர் கை காலியான இருக்கையின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார். உதடுகள் அசைந்தன. கர்லூ கத்தியது, அவர் திரும்பவில்லை.

அவர்கள் இருவரும் பேசாமல் காத்திருந்தார்கள். மீன் ஆறிப்போயிற்று.

பிறகு, அந்த நிசப்தத்தில் தெளிவாக, க்ளிக்.